‘உங்க கட்டுல என்ன இருக்குப்பா?’

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் சந்தை கூடும். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை எட்டுப் பத்துப் பிள்ளைகள். ஆளுக்கொரு கட்டு. சிலர் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள், சிலர் பழைய டிபன் டப்பாவில். ஒரு பையன் நகைக்கடையில் கொடுத்த சிவப்பு பர்ஸில் கொண்டுவருவான். எல்லாம் கிரிக்கெட் கார்டுகள். ஸ்டேஷனரிக் கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அந்தப் பாக்கெட்டுகளில் வருபவை. வீரரின் படம், அதன் மேலேயே பேட்டிங்குக்கு இத்தனை, பவுலிங்குக்கு இத்தனை என்று எண்கள். சாதா கார்டு உண்டு, பளபளக்கும் கோல்டு கார்டும் உண்டு.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை, காய்கறிப் பையோடு படியேறி வந்தவன் அந்தச் சந்தையின் நடுவில் நின்றுவிட்டேன். என் மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது, விராட் கோலியின் கோல்டு கார்டை எடுத்து எதிரில் இருந்த பையனிடம் நீட்டினாள். பதிலுக்கு மூன்று சாதா கார்டுகளை வாங்கிக்கொண்டாள். “ஏய், என்னம்மா பண்ற?” என்று வாய்வரை வந்துவிட்டது. பையன் கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினான். அவள் அந்த மூன்றையும் தன் கட்டின் அடியில் செருகி, ரப்பர் பேண்டைச் சுண்டி மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏமாந்துட்டியே பாப்பா?”

“இல்லப்பா. கோலி எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. இந்த மூணும் எங்கிட்ட இல்ல. அவனுக்குக் கோலின்னா உசுரு.”

மூன்றே வாக்கியம். கையில் உபரியாக இருப்பது எது, தேவைப்படுவது எது, எதிரில் இருப்பவனுக்கு எது பெரிது என்று மூன்றையும் எடை போட்டுத்தான் அவள் கொடுத்திருக்கிறாள். நான் பார்த்தது பளபளப்பை மட்டும். பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கார்டு சேகரிப்பில் இறங்கும் எந்த அப்பா அம்மாவும் முதலில் வழுக்கி விழும் இடம் இதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

சீட்டு அல்ல, கார்டு

நான் வளர்ந்தது திண்டுக்கல்லில். 1990களின் தொடக்கம். பெட்டிக்கடை வாசலில் கிடக்கும் காலி சிகரெட் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிச் சேர்ப்போம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு. சார்மினார் தெருவெல்லாம் கிடக்கும், அதனால் மதிப்பு குறைவு. எப்போதாவது கண்ணில் படும் வெளிநாட்டுப் பெட்டிக்கு எங்கள் தெருவில் ராஜ மரியாதை. வட்டம் போட்டு, அட்டைகளை நடுவில் அடுக்கி, சில்லால் அடித்து வெளியே தள்ளினால் அத்தனையும் நமக்கு. யாரும் எங்களுக்குப் பொருளாதாரம் சொல்லித்தரவில்லை. அரிதாகக் கிடைப்பது உசத்தி என்று தெருவே சொல்லித்தந்தது.

பிக் ஃபன் பபிள்கம் வாங்கினால் உள்ளே கிரிக்கெட் வீரரின் படச் சீட்டு இருக்கும். அதில் ரன்னோ விக்கெட்டோ அச்சிட்டிருப்பார்கள். அதைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்போம். பபிள்கம் சீக்கிரமே சப்பென்று ஆகிவிடும். சீட்டு மட்டும் கணக்கு நோட்டுக்குள் மாதக்கணக்கில் இருக்கும்.

அதற்கப்புறம் வந்ததுதான் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த ட்ரம்ப் கார்டு. இன்று நாற்பதைத் தொட்டிருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். கார்டுகளைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் கார்டைப் பார்த்து, “செஸ்ட்!” என்றோ “பைசெப்ஸ்!” என்றோ “வெயிட்!” என்றோ கூவ வேண்டும். எண் பெரிதாக வைத்திருப்பவனுக்கு எதிராளியின் கார்டு. ரேங்கில் மட்டும் சின்ன எண் ஜெயிக்கும். யோகோசுனா கையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு “வெயிட்” சொல்லலாம். ஆந்த்ரே தி ஜெயன்ட் வந்தால் “ஹைட்”. ரேங்கில் அடிவாங்கும் ஒரு மல்லனை வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் “ஃபைட்ஸ்” என்று சொல்லி ஜெயிப்பதில்தான் சாமர்த்தியம்.

என் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வட்டமாக உட்கார்ந்து கையில் அட்டைகளை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தால் அவர் தலைமுறைக்கு அதன் பெயர் ஒன்றுதான். “சீட்டா ஆடுற?” என்று கேட்டார். அடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியின் தொனியே போதுமானதாக இருந்தது. அதன்பின் அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் கட்டு வெளியே வராது. சீட்டு குடும்பங்களைக் கவிழ்த்த கதைகளை அவர் நேரில் பார்த்தவர். அவருடைய பயம் நியாயமானது. ஆனாலும் அந்த ஒரு கேள்வியால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு சாத்திக்கொண்டது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பத்து வயதில் எனக்கு முக்கியமாக இருந்த ஒரு பொருளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

வீடு மாறியபோது அம்மா அந்தக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அரைப்பரீட்சைத் தாள்கள், காலண்டர்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து போயிற்று.

கடலில் கொட்டிய கார்டுகள்

இதே கதை, இதே அம்மாக்கள் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே கார்டு என்றால் பேஸ்பால் கார்டு. அந்த நாட்டில் அது எப்படித் தொடங்கியது என்று படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைதான் கண்முன் வந்தது.

சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டை வைப்பார்கள். வெறும் அட்டையை வைப்பதற்குப் பதில் அதில் படம் அச்சிட்டால் விற்பனை கூடும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் வீரர்கள் ஐம்பது பேரை அட்டைகளில் கொண்டுவந்தது. நம் ரஞ்சித்சிங்ஜியும் அந்தக் காலத்துச் சிகரெட் அட்டைகளில் இடம்பிடித்தவர். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள். சிகரெட் வாங்குபவர் பெரியவர், அட்டைக்கு ஆசைப்படுவது பிள்ளை. புகையிலைக் கடை வாசலில் நின்று, வெளியே வரும் ஆண்களிடம் “படம் இருந்தா குடுங்க சார்” என்று கேட்பது அன்றைய சிறுவர்களின் வழக்கம்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிகக் குறைவாகவே வெளிவந்தது. தன் படம் வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். பணம் பேசியது சரிவரவில்லை என்று ஒரு சாரார் சொல்வார்கள். தன் படத்துக்காகப் பிள்ளைகள் சிகரெட் பக்கம் போகக்கூடாது என்று அவர் நினைத்தார் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இவ்வளவுக்கும் அவரே புகையிலை போடுபவர். எது உண்மையாக இருந்தாலும், அந்த அட்டைகளில் ஒன்று 2022 ஆகஸ்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

அடுத்து சூயிங்கம் காலம். நியூயார்க் புரூக்ளினில் டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி. அங்கே வேலை பார்த்த சை பெர்கர், 1951 இலையுதிர்காலத்தில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சக ஊழியர் ஒருவரோடு சேர்ந்து 1952ஆம் ஆண்டுக்கான கார்டுகளை வடிவமைத்தார். முன்பக்கம் வண்ணப் படம், வீரரின் பெயர், அணிச் சின்னம். பின்பக்கம் சென்ற ஆண்டுக் கணக்கு, வாழ்நாள் கணக்கு. இன்று உலகத்தில் எந்த விளையாட்டுக் கார்டை எடுத்தாலும் அதன் முன்னும் பின்னும் அந்தச் சமையலறை மேசையின் சாயல் தெரியும்.

மொத்தம் 407 கார்டுகள். கடைசித் தொகுதி சீசன் முடியும் நேரத்தில்தான் கடைக்கு வந்தது. பிள்ளைகளின் கவனம் அதற்குள் அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் போய்விட்டது. விற்காமல் குடோனில் வருடக்கணக்கில் கிடந்தவற்றை 1960இல் பெர்கரே ஒரு படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். இனி யாருக்கும் வேண்டாம் என்றுதான் நினைத்தார். அந்தக் கடைசித் தொகுதியின் முதல் கார்டு, 311ஆம் எண், மிக்கி மேன்டில். அதில் மிக நல்ல நிலையில் இருந்த ஒன்றை 1991இல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கினார். 2022 ஆகஸ்டில் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய நம் பணத்துக்கு ஏறத்தாழ 100 கோடி ரூபாய்.

இந்த எண்ணைக் கேட்டதும் பெரும்பாலான பெற்றோருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். ‘நம்ம பிள்ளை கார்டையும் பத்திரமா வெச்சா?’ என்றுதான். அமெரிக்கப் பெற்றோருக்கும் அதுதான் தோன்றியது. கதையின் முக்கியமான பாகமே இனிமேல்தான்.

1950களில் பிள்ளையாக இருந்தவர்கள் அந்தக் கார்டுகளை வைத்து விளையாடினார்கள். சுவரில் எறிந்து ஆடினார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் செருகி, ஓட்டும்போது ‘டர்ர்ர்’ என்று மோட்டார் சத்தம் வர வைத்தார்கள். அவர்கள் வளர்ந்து வெளியூர் போனதும் அம்மாக்கள் அறையைச் சுத்தம் செய்து குப்பையில் போட்டார்கள். மிச்சம் இருந்தது கொஞ்சம். அதனால்தான் அதற்கு விலை. 1980களில் இந்த விலையைப் பார்த்து வாய்பிளந்த அதே தலைமுறை, இப்போது அப்பா அம்மாவாகி, தங்கள் பிள்ளைகளுக்குப் பெட்டி பெட்டியாகக் கார்டு வாங்கியது. பிரிக்கக் கூடாது, தொடக் கூடாது, காலேஜ் படிப்புக்கு உதவும் என்று பரணில் ஏற்றியது. கம்பெனிகளும் தேவைக்கு ஏற்ப அச்சடித்துத் தள்ளின. எல்லா வீட்டுப் பரணிலும் ஒரே கார்டு. அன்று கொடுத்த விலைக்குக்கூட இன்று அந்தப் பெட்டிகளில் பலவற்றை வாங்க ஆளில்லை. சேகரிப்பாளர்கள் அந்தக் காலத்தைக் குப்பைக் காலம் என்றே சொல்கிறார்கள்.

விளையாடித் தேய்ந்த கார்டுக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வரும் என்று பூட்டிவைத்த கார்டு வெறும் அட்டையாகவே இருந்துவிட்டது.

அந்தக் காலத்திலும் பிள்ளைகள் உயிரை விட்ட ஒரு கார்டு உண்டு. 1989இல் அப்பர் டெக் என்ற புதிய கம்பெனி தன் முதல் வரிசையின் முதல் எண்ணைக் கென் கிரிஃபி ஜூனியர் என்ற பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கொடுத்தது. அவனுடைய அப்பா கென் கிரிஃபி சீனியர் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அப்பாவும் மகனும் சியாட்டில் மரைனர்ஸ் என்ற ஒரே அணியில் சேர்ந்தார்கள். 1990 செப்டம்பர் 14 அன்று முதலில் அப்பா ஹோம் ரன் அடித்தார். அடுத்து வந்த மகனும் ஹோம் ரன் அடித்தான். கிரிக்கெட்டில் சொன்னால், அடுத்தடுத்து அப்பா ஒரு சிக்ஸர், மகன் ஒரு சிக்ஸர். ஒரே சட்டை, ஒரே ஆட்டம். இதை நான் என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள், “அப்போ அந்த அப்பா மகனுக்குச் சொல்லிக்குடுத்தாரா, இல்ல கூட ஆடினாராப்பா?”

என் தப்பு

அந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் இருந்தது.

கார்டு விஷயம் வீட்டுக்குள் வந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எடைக்குப் போன என் கட்டு திரும்பி வந்த மாதிரி ஒரு பரவசம். ஒன்பது பைகள் கொண்ட தாள்கள், ஃபோல்டர், ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கவர் எல்லாம் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அவளுடைய கார்டுகளை எண் வரிசைப்படி அடுக்கினேன். மூலை மடங்கியவற்றைப் பிரித்து வைத்தேன். கோல்டு கார்டுகளை முதல் பக்கத்தில் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “கை ஈரமா இருந்தா தொடாதே” என்றேன். “வெளியில எடுத்துட்டுப் போகாதே” என்றேன்.

இரண்டு வாரம் அவள் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை. சனிக்கிழமை சந்தைக்கும் போகவில்லை. கேட்டதற்கு, “அது உங்க கார்டுப்பா” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

அன்றிரவே எல்லாவற்றையும் கவரிலிருந்து உருவி எடுத்து, பழையபடி ரப்பர் பேண்டு போட்டு அவள் மேசையில் வைத்தேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் அதே ஸ்டேஷனரிக் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். அவளுக்கு இல்லை. எனக்கு. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

“உங்க கட்டுல என்ன இருக்குப்பா?”

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அதுவரை நான் அவளுக்கு வாங்கித்தருபவனாக, அடுக்கித்தருபவனாக, புத்தி சொல்பவனாக இருந்தேன். எனக்கென்று ஒரு கட்டு வந்ததும் எதிராளியானேன். அவளுக்கு வேண்டியது என்னிடம் இருந்தது, எனக்கு வேண்டியது அவளிடம் இருந்தது. பேரம் பேச வேண்டியிருந்தது. பேரத்தில் வயது கிடையாது. நான் ஜடேஜாவுக்கு ஒன்று தருகிறேன் என்பேன், அவள் இரண்டு என்பாள். நான் அசையாவிட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது நானே இரண்டுக்கு ஒத்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை அவள் தோற்கப்போகிறாளே என்று வேண்டுமென்றே மோசமான கார்டைப் போட்டேன். உடனே கண்டுபிடித்துவிட்டாள். “அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க” என்று என்னோடு டூ விட்டாள். பழம் விடுவதற்கு மறுநாள் காலை ஆயிற்று. பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதும் ஒருவகை அழுகுணி ஆட்டம்தான் என்பது எனக்கு அன்று புரிந்தது.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். உங்களுக்கென்று ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கட்டைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். மூலை மடங்கட்டும். ஏமாந்தால் ஏமாறட்டும், அடுத்த சனிக்கிழமை அதை அவர்களே சரிசெய்வார்கள்.

ஒற்றைக் கார்டுக்கு எத்தனை பாக்கெட்?

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவது கிட்டத்தட்ட லாட்டரிதானே என்று சக பெற்றோர் கேட்கிறார்கள். ஆமாம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிக்கும்போது வரும் அந்தப் படபடப்பு பிள்ளையை இன்னொன்று, இன்னொன்று என்று இழுக்கும். என் அப்பாவின் “சீட்டா ஆடுற?” என்ற கேள்விக்குள் இருந்த எச்சரிக்கையில் பாதி சரி என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் வீட்டில் வாரம் ஒரு பாக்கெட், அதுவும் அவள் கைக்காசில். எனக்கும் அதே கணக்கு. போனில் காசு கட்டித் திறக்கும் கார்டுப் பெட்டிகளுக்கு இடமே இல்லை. அவற்றைக் கையில் பிடிக்கவும் முடியாது, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்கவும் முடியாது.

ஆனால் தடை போடுவதைவிடக் கணக்குப் போட்டுக் காட்டுவது அதிகம் உதவியது. பரமபதக் கட்டத்தோடு வந்த ஆறுமுகப் பகடையை எடுத்தோம். ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா எண்ணும் ஒரு தடவையாவது விழ எத்தனை தடவை உருட்ட வேண்டும்? அவள் ஆறு, ஏழு என்றாள். உருட்டினாள். ஐந்து எண்கள் சீக்கிரம் வந்துவிட்டன. நான்கு மட்டும் வரவே இல்லை. பத்தொன்பதாவது தடவைதான் விழுந்தது. பல முறை செய்து பார்த்தால் சராசரி 15க்குப் பக்கத்தில் நிற்கும்.

இதையே பெரிதாக்கிப் பாருங்கள். இத்தாலியின் மோதேனா நகரத்துப் பானினி கம்பெனி 1970 முதல் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஸ்டிக்கர் ஆல்பம் போடுகிறது. 2022 ஆல்பத்தில் 670 ஸ்டிக்கர்கள். பாக்கெட்டுக்கு ஐந்து. எல்லா ஸ்டிக்கரும் சம அளவில் அச்சாகின்றன, யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியாகவே நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 4,750 ஸ்டிக்கர்கள் வாங்க வேண்டும். 950 பாக்கெட். முதல் பாதி ஆல்பம் நூறு பாக்கெட்டுக்குள் நிரம்பிவிடும். கடைசி ஒரே ஒரு ஸ்டிக்கருக்கு மட்டும் 134 பாக்கெட் ஆகும்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப மாத்திக்கிட்டாதான் முடியும்” என்றாள். கோலியைக் கொடுத்து மூன்று வாங்கிய அன்றே இது அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது எண்ணும் கிடைத்தது.

அர்ஜென்டினாவில் அந்த 2022ஆம் வருடம் ஸ்டிக்கர் தட்டுப்பாடு வந்து, கடைகளில் வரிசை நின்று, கடைசியில் அரசாங்கத்தின் வணிகத் துறையே பானினி கம்பெனியையும் பெட்டிக்கடைக்காரர்களையும் கூட்டிவைத்துப் பேசும்படி ஆயிற்று. அங்கே பூங்காக்களில் அப்பாக்களும் பிள்ளைகளும் கட்டும் கையுமாக உட்கார்ந்து, “இருக்கு, இருக்கு, இல்ல” என்று தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். எங்கள் இரண்டாம் மாடிப் படிக்கட்டிலும் அந்த மூன்று சொற்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு தீப்தி

2025 நவம்பர் 2. நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நள்ளிரவு வரை அவளைத் தூங்கவைக்க முடியவில்லை. நானும் பெரிதாக முயற்சி செய்யவில்லை. தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று ஹர்மன்பிரீத் கௌர் கோப்பையைத் தூக்கியபோது அவள் சோபாமேல் ஏறிக் குதித்தாள். தீப்தி ஷர்மா அன்று மட்டும் ஐந்து விக்கெட். தொடர் முழுக்க 22 விக்கெட், 215 ரன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடினாள். “தீப்தி கார்டு இருக்கா அங்கிள்?” இல்லை. ஸ்மிருதி மந்தனா? இல்லை. எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. கடைக்காரர் என்ன செய்வார், வருவதைத் தொங்கவிடுகிறார்.

அன்றிரவு அவள் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். தடித்த அட்டை, பின்பக்கம் வெள்ளை. என் கட்டிலிருந்து ஒரு கார்டை அளவுக்கு வைத்து, பென்சிலால் கோடு போட்டு வெட்டினாள். இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். 1957இல் டாப்ஸ் கைக்கொண்ட அதே அளவு, மஞ்சள் குங்குமம் பூசிய பத்திரிகை அட்டையில். ஸ்கெட்ச் பேனாவில் நீலச் சட்டை. முகம் அவ்வளவாகச் சரிவரவில்லை, ஆனால் பந்து வீசும் கையின் கோணம் சரியாக இருந்தது. கீழே பேட்டிங், பவுலிங் எண்கள். அதற்காக என் போனை வாங்கி, ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கையும் கூட்டிச் சரிபார்த்தாள். கோல்டு கார்டு ஆக்குவதற்காக ஓரத்தில் சாக்லேட் காகிதம் ஒட்டினாள்.

சனிக்கிழமை படிக்கட்டில் பெரிய வழக்கு நடந்தது. வீட்டில் செய்த கார்டு செல்லுமா, செல்லாதா? செல்லாது என்று பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் சொன்னான். அப்படியானால் யார் வேண்டுமானாலும் நூறு பேட்டிங், நூறு பவுலிங் என்று எழுதிக்கொண்டு வரலாமே என்றான். நியாயமான வாதம். அரை மணி நேரம் பேசி அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கையால் செய்த கார்டு செல்லும், ஆனால் எண்கள் உண்மையாக இருக்க வேண்டும், யார் கேட்டாலும் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் ஷஃபாலி வர்மா வந்தார், ஜெமிமா வந்தார். சிவப்பு பர்ஸ் பையன் தன் தம்பிக்கே ஒரு கார்டு செய்துகொண்டு வந்தான், தெரு கிரிக்கெட் கணக்குகளோடு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

தைப் பொங்கலுக்கு என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். எழுபத்தைந்து வயது. பேத்தி தன் கட்டை அவர் மடியில் கொட்டி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ‘சீட்டு’ என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு இன்னமும் பயம்.

அவர் தீப்தி கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்துச் சாக்லேட் காகிதத்தை விரலால் தடவினார். “நாங்க சாத்தூர்ல தீப்பெட்டிப் படம் சேப்போம்” என்றார். “மயில் படம், சிங்கம் படம். பசையோட இருக்கும். தண்ணில ஊறப்போட்டுக் கிழியாம எடுக்கணும். எங்கிட்ட இருநூறுக்கு மேல இருந்துச்சு.”

எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

“அதெல்லாம் எங்க தாத்தா?” என்று அவள் கேட்டாள்.

“எங்கப்பா அடுப்புல போட்டுட்டார்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன் கட்டிலிருந்து பாதியை எண்ணி அவர் முன்னால் வைத்தாள். “இது உங்க கட்டு. பவுலிங் பெருசா இருந்தா மொதல்ல பவுலிங் சொல்லணும். அழுகுணி ஆட்டம் கிடையாது.” அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் ஆட்டத்தில் மொத்தமாகத் தோற்றார். இரண்டாம் ஆட்டத்துக்கு அவரே கார்டுகளைக் கலைத்தார். அந்தக் கலைக்கும் விதத்தைப் பார்த்தால் கைக்குப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது.

போன வாரம் அவளுடைய ஃபோல்டரைப் பார்த்தேன். இப்போது அவளே அடுக்கி வைத்திருக்கிறாள், எண் வரிசைப்படி அல்ல, யார் யாரிடமிருந்து வாங்கியது என்ற வரிசைப்படி. ஒரு பக்கம் முழுக்கத் தாத்தாவிடம் ஜெயித்தவை. நடுவில் ஒரே ஒரு பை காலியாக இருந்தது. அந்த எண் இணையத்தில் ஒருவரிடம் இருந்தது. நூற்றைம்பது ரூபாய், தபால் செலவு தனி. போனை அவளிடம் காட்டினேன்.

பார்த்தாள். தலையை ஆட்டினாள். “வேணாம்பா. அது மூணாவது மாடி அக்காகிட்ட இருக்கு. அவங்களுக்கு என்ன வேணும்னு இன்னும் கண்டுபிடிக்கல.”

சனிக்கிழமைக்காக நான்கு கார்டுகளைத் தனியாக எடுத்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள். அதில் ஒன்று என் கட்டிலிருந்து போனது. அதற்கு அவள் எனக்கு இன்னும் ஒரு கார்டு பாக்கி.